சிக்ஸ்டியா, நைன்டியா?

பதிவு நீளமானது. அவசரமாக இருப்பவர்கள் பிறகு படியுங்கள், ஆனால் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

போன வாரம் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பற்றி எழுதியதற்கு, இப்போது ஷார்ஜாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், ரெக்கார்டிங் சென்டர்ல சிக்ஸ்டியா நைன்டியான்னு கேப்பாங்களே, அதையும் எழுதுங்க" என்று கேட்டிருந்தார். அவர் மகளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லையாம். ஒரு பாட்டைக் கேட்க எதற்குக் கடைக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. வரலாற்று வாத்தியாரிடம் வந்துவிட்டது, விட முடியுமா?

முதலில் கேசட்டுக்கு முந்தைய நிலைமை. பாட்டு என்பது நாம் போய்க் கேட்கும் பொருளாக இருந்தது. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், டூரிங் டாக்கீஸில் படம் தொடங்கும் முன் குழாய் ஸ்பீக்கரில் கேட்டோம். வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோ. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நம் சினிமாப் பாட்டுகள் பல அந்த அளவுக்குள் அடங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இசைத்தட்டு வியாபாரமும் சின்ன வியாபாரமல்ல. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு நிறுவனம்தான் நடத்தினார்.

பிறகு ரேடியோ. திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. பஞ்சாயத்து ரேடியோ கம்பத்தடியில் உட்கார்ந்து செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் கேட்டவர்கள் இதைப் படிக்கும் உறவினரில் சிலராவது இருப்பீர்கள். ஏடிடி 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரப்பியதால் தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஆனால் சினிமாப் பாட்டு என்று வந்தால் அகில இந்திய வானொலி கஞ்சத்தனம் காட்டியது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதத்தால் நாட்டைத் திருத்தலாம் என்று நம்பியவர் அவர். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில். அதற்குள் மயில்வாகனன் நம் வீட்டு மனிதர் ஆகிவிட்டார். பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. கொழும்புக்குப் போகாதவர்களுக்குக்கூட அந்தக் குரல்கள் அத்துப்படி.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று, எந்தப் பாட்டு, எப்போது என்பதை வேறொருவர் தீர்மானித்தார். நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டுவிட்டு, நம் பெயரோடு பாட்டு வரும் நாளில் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் கேசட் வருகிறது. ஒலிநாடா என்பது ஜெர்மனியில் பிறந்தது. 1928-ல் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் தூளை ஒட்டிக் காட்டினார். முப்பதுகளில் அது பெரிய பெட்டி யந்திரமாக வளர்ந்தது. வானொலி நிலையங்களில் இரண்டு பெரிய சக்கரங்கள் சுழலுமே, அந்த வகை. நாடாவைக் கையால் கோத்துவிடத் தெரிந்தவர்தான் இயக்க முடியும். ஃபிலிப்ஸ் கம்பெனியின் பெல்ஜியத் தொழிற்சாலையில் இருந்த லூ ஓட்டன்ஸ் என்ற டச்சு இன்ஜினியர் இந்தச் சள்ளையைப் பார்த்துவிட்டு, இதைச் சட்டைப் பைக்குள் அடக்க வேண்டும் என்று நினைத்தார். கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டு, யந்திரம் இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாராம். 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் அறிமுகமானது. ஜப்பானின் சோனி நிறுவனம் பேரம் பேசி நெருக்கியதில் ஃபிலிப்ஸ் உரிமத் தொகை இல்லாமலே அதை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் உலகம் முழுக்க ஒரே அளவு கேசட். ஜப்பான் கேசட் டெல்லி டெக்கில் ஓடியது, டெல்லி கேசட் துபாய் டெக்கில் ஓடியது. ஓட்டன்ஸ் 2021-ல் தமது 94-வது வயதில் காலமானார். நம் பத்திரிகைகளில் ஒரு மூலையில் செய்தி வந்தது. நம் வீட்டுக் கூடத்தை அவ்வளவு மாற்றிய மனிதருக்கு அது போதாது என்று எனக்குப் பட்டது.

நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். அரை மணிக்கு ஏறத்தாழ 86 மீட்டர். இதுதான் 'சிக்ஸ்டி', பக்கத்துக்கு முப்பது நிமிடம். 'நைன்டி' என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. அதே டப்பாவுக்குள் கூடுதல் நாடாவை அடைக்க வேண்டுமானால் நாடா மெலிய வேண்டும். சிக்ஸ்டியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கனம். நைன்டி அதைவிட மெல்லிசு. நூற்றிருபது நிமிடக் கேசட் வெறும் சிலந்தி வலை. மலிவான டெக்கில் போட்டால் உருளையில் சுற்றிக்கொண்டு ரிப்பன் ரிப்பனாக வெளியே வரும். "நைன்டி வேணாம் தம்பி, சிக்கிக்கும்" என்று கடைக்காரர் சொன்னது வியாபாரத்துக்காக அல்ல. அவருக்கு அனுபவப் பாடம் அது.

இனி கடைக்கு வருவோம். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி, தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு இருந்த ஊரிலெல்லாம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு உறைகள். கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் மின்விசிறி, அந்த ஊருக்கே அதுதான் ஸ்டுடியோ. மேஜையில் பாட்டுப் பட்டியல் நோட்டு. நாம் வீட்டிலிருந்தே வெள்ளைத்தாளில் பன்னிரண்டு, பதினான்கு பாட்டு எழுதிக்கொண்டு போவோம். டி.டி.கே., சோனி, மேக்ஸெல், காசு கம்மியென்றால் மெல்ட்ராக். கேசட் நாமே வாங்கிக் கொடுக்கலாம், அங்கேயும் வாங்கலாம். இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். தீபாவளி, பொங்கல் சமயமென்றால் ஒரு வாரம்.

அந்தப் பட்டியல் எழுதுவது லேசான காரியமில்லை. நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் இருபத்தேழு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டும் முழுசாக அடங்காது. அங்கே கடைக்காரர் தன் ரசனையைக் காட்டுவார். ஏதாவது ஓர் இசைத் துண்டு, அல்லது பாதியில் மெதுவாகத் தேயும் ஒரு பல்லவி. அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு இன்றைக்கும் சில பாட்டுகள் பாதியோடு நின்றுபோனதாகத்தான் ஞாபகம் இருக்கும். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டின் முதல் சுரம் தானாகவே மனதில் ஒலிக்கும். இரண்டுக்கும் படத்தாலோ ராகத்தாலோ எந்தச் சம்பந்தமும் இருக்காது. நாம் எழுதிய தாளின் வரிசை அது.

உங்களில் சிலர் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முகலாயர் பாடத்தின்போது இந்தப் பட்டியலைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கையெழுத்து அதில் மட்டும் அச்சுப்போல இருக்கும்.

'அன்னக்கிளி' 1976-ல் வந்தது. இளையராஜாவின் பாட்டும் கேசட்டும் ஒரே நேரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது தற்செயல்தான், ஆனால் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டன. இசைத்தட்டு வாங்க முடியாத டீக்கடையும் சலூனும் டவுன் பஸ்ஸும் டூ-இன்-ஒன் வாங்க முடிந்தது. அவர் படப் பாடல்கள் பலவும் எக்கோ நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. தனியார் பஸ்ஸில் எந்த டிரைவரிடம் நல்ல கேசட் இருக்கிறது என்று பார்த்து, முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இது சட்டப்படி சரியா என்று கேட்டால், இல்லை. ஒருவர் பாட்டை அவர் அனுமதியின்றிப் பதிந்து விற்பது திருட்டுதான். 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கேசட்டின் மேல் தயாரித்தவர் பெயர், ஆண்டு எல்லாம் போட வேண்டும் என்றும் விதி வந்தது. நம் ஊர்க் கடையில் மாறியது என்னவோ, பட்டியல் நோட்டு மேஜையின் மேலிருந்து மேஜைக்கு உள்ளே போனதுதான். இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அந்தக் கடைகளிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே கடைகள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகள் கிராமத்துக் கடைசித் தெரு வரை போயிருக்காது என்பதும் உண்மை. வட இந்தியாவில் இந்தக் கதையை பீட்டர் மேனுவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993-ல் தனிப் புத்தகமாகவே எழுதினார். டெல்லி தர்யாகஞ்சில் பழச்சாற்றுக் கடைக் குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், டி-சீரிஸ் என்ற பெயரில் மலிவுக் கேசட்டுகளைக் கொட்டி, 'நாய் மார்க்' எச்.எம்.வி.யின் ஏகபோகத்தை உடைத்த கதை அதில் வருகிறது. அந்தப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் முக்கியமான விஷயம், கேசட் வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் ஏறெடுத்துப் பார்க்காத வட்டாரப் பாட்டுகளுக்குச் சந்தை கிடைத்தது என்பது. நம் பக்கமும் அப்படியே. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த புஷ்பவனம் குப்புசாமியின் நாட்டுப்புறப் பாட்டு, நாகூர் ஹனிபாவின் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவு, பட்டிமன்றம், மேடைப் பேச்சு எல்லாமே கேசட்டாயின. 'விதி' (1984) படத்தின் கோர்ட் சீன் வசனக் கேசட்டைக் கேட்டு, படம் பார்க்காமலே மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் உண்டு. கல்யாண வீட்டு ரேடியோ செட்காரர் சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி மதியம் கதை வசனத்துக்கு வந்தால், பந்தி முடியப் போகிறது என்று அர்த்தம்.

அரசியலுக்கும் இது உதவியது. 1978-ல் பாரிஸ் அருகே ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு அயதுல்லா கொமேனி பேசிய பேச்சுகள் கேசட்டாக ஈரானுக்குள் போய், படி எடுக்கப்பட்டு, மசூதி மசூதியாகப் பரவின. வானொலியும் தொலைக்காட்சியும் ஷா மன்னர் கையில் இருந்தன. மறு வருடம் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். பன்னிரண்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லும்போது மட்டும் யாரும் தூங்கவில்லை.

இதுவரை சொன்னது பாட்டு. நான் உண்மையில் எழுத வந்தது வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூட வாத்தியார் என்றால் கடிதம் படிக்கிறவர், கடிதம் எழுதித் தருகிறவர் என்றும் பொருள். மாலையில் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் வந்து நிற்பார். கையில் ஏர் மெயில் கவர். புருஷன் குவைத்திலோ சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று நம் கடற்கரைப் பக்கமும் உள்பக்கமும் அயல்நாட்டுப் பிழைப்பு இல்லாத தெரு குறைவு. நான் படிப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். பிறகு பதில் சொல்வார், நான் எழுதுவேன். "நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்." இது என் வாசகம், அவருடையதல்ல. அவர் சொல்ல நினைத்ததை ஓர் அந்நிய ஆண்பிள்ளை முன்னால் எப்படிச் சொல்வார்? "மாமியாருக்கு உடம்பு முடியலேன்னு எழுதுங்க சார்" என்பார். மாமியார் படுத்தும் பாட்டை எழுதச் சொல்ல மாட்டார். இரண்டு பக்கமும் மூன்றாம் ஆள் கை பட்ட கடிதங்கள்தான் கடல் தாண்டிப் போய் வந்தன.

போனில் பேசலாமே என்று கேட்காதீர்கள். 1991-லேயே 84 கோடி ஜனங்கள் இருந்த நாட்டில் சுமார் ஐம்பது லட்சம் தொலைபேசிகள்தான் இருந்தன. ஊரில் மில்லுக்காரர் வீட்டில் ஒன்று, தபால் ஆபீஸில் ஒன்று. மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத் தெருவுக்குத் தெரு வந்தது அதற்குப் பிறகு. வெளிநாட்டு அழைப்புக்கு முதலில் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்தாலும் மூன்று நிமிடத்தில் "நல்லாயிருக்கியா" என்பதற்கு மேல் கத்த முடியாது.

லீவில் வந்தவர்கள் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் கொண்டு வந்தார்கள். அந்தக் கறுப்புப் பெட்டியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், ரெக்கார்ட். பக்கத்திலேயே ஒரு சின்ன ஓட்டை, அதுதான் மைக். இங்கே எல்லோருக்கும் அது பாட்டுப் பெட்டி. அந்தச் சிவப்புப் பொத்தானின் உபயோகத்தை முதலில் கண்டுபிடித்தது படிக்கத் தெரியாத பெண்கள்தான் என்று நான் துணிந்து சொல்வேன். ஒரு நாள் கடிதம் எழுத வர வேண்டியவர் வரவில்லை. மாதம் ஒன்றாயிற்று. விசாரித்தால், "இப்பல்லாம் கேசட்டுல பேசி அனுப்பிடறேன் சார்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்கு ஒரு வேலை போயிற்று. அதைவிடச் சந்தோஷமாக நான் எந்த வேலையையும் இழந்ததில்லை.

யாராவது ஊரிலிருந்து அங்கே போகும்போது ஊறுகாய் பாட்டில், கருவாடு, முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு கேசட்டும் போகும். அங்கிருந்து யாராவது வரும்போது சோப்பு, சென்ட், கைலியோடு ஒரு கேசட் வரும். அதில் என்ன இருக்கும்? குடும்பமே வரிசையில் நின்று பேசும். தாத்தா முதலில், கூட்டத்தில் பேசுவதுபோலக் கத்திப் பேசுவார். குழந்தை அ, ஆ சொல்லும். பின்னால் கோழி கூவும், குழாயடியில் சண்டை கேட்கும், மசூதியில் பாங்கு சொல்வார்கள், கோயில் மணி அடிக்கும். பேசுகிறவர்கள் கவனிக்காத அந்தச் சத்தங்களுக்காகத்தான் அந்தக் கேசட்டை நூறு தடவை கேட்டதாக, பாலைவனத்தில் இருந்து திரும்பிய என் உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒருவர் வீட்டுக் கேசட்டை எல்லோரும் கேட்பார்களாம்.

இதிலும் முழுச் சுதந்திரம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். டூ-இன்-ஒன் கூடத்தில் இருக்கும். மாமனார் மாமியார் நடுவில் உட்கார்ந்துகொண்டு மனைவி என்ன பேசிவிட முடியும்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எல்லோரும் பேசுவது ஏ சைடில். பி சைடு, எல்லோரும் திருவிழாவுக்கோ தூக்கத்துக்கோ போன பிறகு. கடிதத்தில் ஒருபோதும் எழுதச் சொல்லாததையெல்லாம் பி சைடில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது.

இந்த விஷயத்தைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்களின் குடும்ப வாழ்க்கைக்கு, கடிதத்தை விட உண்மையான சாட்சி இந்தக் கேசட்டுகள். ஆனால் அவை பெரும்பாலும் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். கேசட் விலை கூடுதல். அங்கிருந்து வந்த கேசட்டைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கேசட் நாலைந்து முறை கடல் தாண்டும். நாடாவில் புதுக் குரல் ஏறும்போது அழிப்பான் தலை பழைய குரலைத் துடைத்துவிடும். கடைசியாக யார் பேசினாரோ அவர் குரல் மட்டும் மிஞ்சும். அதன் மேலும் பிற்பாடு பிள்ளைகள் 'ரோஜா' பாட்டைப் பதிந்திருப்பார்கள். கல்வெட்டைத் தேய்த்துவிட்டு மேலே இன்னொன்றைப் பொறிப்பதுபோலத்தான். தப்பித்தவை, பின்புறத்துப் பிளாஸ்டிக் காதை யாரோ ஒருவர் முன்யோசனையோடு உடைத்து வைத்தவை.

கேசட்டின் முடிவை விவரிக்க அதிகம் இல்லை. 1982-ல் சி.டி. வந்தது. அதிலும் ஃபிலிப்ஸ், சோனி, ஓட்டன்ஸ் மூவரும் உண்டு. இங்கே அது பரவியது தொண்ணூறுகளின் கடைசியில். பிறகு நூற்றுக்கணக்கான பாட்டு அடங்கிய எம்.பி.3 சி.டி. நடைபாதைக்கு வந்தது. ரெக்கார்டிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடையாகவும் செல்போன் கடையாகவும் மாறின. செல்போன் கடையில் "மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தரப்படும்" என்று எழுதி ஒட்டியிருந்ததே, அது பழைய தொழிலின் பேரன். எச்.எம்.வி., சரிகம ஆகி, 2017-ல் பழைய ரேடியோ போலவே ஒரு பெட்டி செய்து அதற்குள் பழைய பாட்டை அடைத்து விற்கத் தொடங்கியது. என் பிறந்தநாளுக்கும் மருமகள் ஒன்று வாங்கித் தந்தார். நன்றாகத்தான் பாடுகிறது. பாதியில் நிற்பதில்லை என்பதுதான் குறை.

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் 2013-ல் வந்தது. பொத்தானை அழுத்திப் பேசி அனுப்புகிற பழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள் என்று கவனித்தீர்களா? நம் சின்ன அத்தைக்கு ஸ்மார்ட் போனில் வேறு எதுவும் தெரியாது. காலையில் எல்லோருக்கும் குரல் அனுப்பிவிடுவார். அவருக்கு அது புதிதில்லை. நாற்பது வருடம் முன்னால் பானசோனிக் முன் உட்கார்ந்து பழகியது. ஆனால் அந்தக் குரல்களை யார் வைத்திருக்கிறீர்கள்? போன் மாற்றும்போது, "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வரும்போது, முதலில் போவது அவைதான்.

இனி நான் சொன்ன வேலை. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டியில் முப்பத்தொரு கேசட்டுகள் கிடைத்தன. பெரும்பாலும் பாட்டு. ஆறில் பேச்சு. அதில் இரண்டில் காலமான என் மைத்துனரும் அவர் அம்மாவும் பேசுகிறார்கள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போட்டோவும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டபடி. கேசட்டில் அவர் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிய கணக்கையும், பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தியதையும், "நீ வெயில்ல நிக்காதே" என்பதையும் மூச்சுவிடாமல் சொல்கிறார். வேலித் தகராறு இன்னமும் தீரவில்லை என்பது உறவினர்களுக்குத் தெரியும். அவர் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டதில்லை. கேட்டபோது பெரியவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். வீடு இடிக்கிறோம், பங்கு பிரிக்கிறோம் என்று பழைய சாமான்காரருக்குப் போடும் முன் பாருங்கள். இந்த விஷயங்களைக் கவனியுங்கள்.

கிடைத்தவுடன் ஆர்வத்தில் ஏதாவது ஒரு டெக்கில் போட்டுவிடாதீர்கள். பழைய டெக்கில் ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கும், நாடாவைத் தின்றுவிடும். வேண்டாத ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டு டெக்கைச் சோதித்த பிறகுதான் மற்றது. முதல் காரியமாகக் கேசட்டின் பின்புறத்துப் பிளாஸ்டிக் காதுகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடா தெரியும் பக்கம் நடுவில் சின்னச் செம்புத் தகட்டில் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அது விழுந்திருந்தால் குரல் மந்தமாகத்தான் கேட்கும். கேசட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். சிலவற்றில் ஒருவர் பேசத் தொடங்கும் முன்பே அவர் குரல் லேசாகக் கேட்கும். பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் சுற்றியே இருந்ததால் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் காந்தம் ஏறியதுதான்.

பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்க வையுங்கள். யார் பேசுகிறார், எந்த வருடம், எந்த ஊரிலிருந்து என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் குரல் இருக்கும், யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. மனைவி கணவனுக்குப் பேசிய பி சைடு என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு, அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

என்னிடம் சரிசெய்த டெக் ஒன்று இருக்கிறது. ஹெட்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற என் பேத்தி கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒரு சிக்ஸ்டிக்கு ஒரு மணி நேரம் முழுசாக ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஓய்வுபெற்றவனுக்கு அதில் என்ன கஷ்டம்? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கொண்டு வாருங்கள். துணியில் சுற்றி, வெயில் படாமல். காரில் வருகிறவர்கள் பின்சீட்டு ஸ்பீக்கர் மேல் வைக்க வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. எத்தனை கேசட், சிக்ஸ்டியா நைன்டியா என்று மட்டும் முன்கூட்டியே கமெண்டில் சொல்லிவிடுங்கள்.